என் ஓர்ப்படியின் சொக்சோ

1

ஊரில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். லால்குடிப் பக்கத்தில் இருக்கும் என் தங்கை எப்போது எழுதினாலும் "உனக்கென்னக்கா, நீ மலேசியாக்காரி" என்று ஒரு வரி சேர்க்காமல் விடமாட்டாள். இங்கிருந்து யாராவது ஊருக்குப் போனால் நைலக்ஸ் சேலையும் தலைவலித் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுபோகிறோம். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் எல்லாரும் இங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை. உங்கள் பொறாமை உங்களோடு இருக்கட்டும். நான் எழுத வந்தது என் பொறாமையைப் பற்றி.

போன மாதத்தோடு நான் கப்பலை விட்டு இறங்கி இருபது வருடம் ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில், பதினெட்டு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு கோல சிலாங்கூர் பக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். இருபது வருடம் ஆகிறது என்று என் வீட்டுக்காரரிடம் அந்தத் தேதியில் காலையில் சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பசியாற உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம்தான் புஷ்பம் டவுனுக்குப் போய்ப் பணம் எடுத்துக்கொண்டு வந்து, வரும் வழியில் எனக்கும் ஒரு பொட்டலம் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தாள்.

புஷ்பம் என் ஓர்ப்படி. என் கொழுந்தனாரின் மனைவி. சுங்கை ஆயர் தாவாரில் பிறந்து வளர்ந்தவள், அதனால் பிறக்கும்போதே இந்த நாட்டுக்காரி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்தான், அவள் வீட்டு ரேடியோ என் வீட்டில் பாடும்.

அவளுக்கு மாதா மாதம் வருகிற பணம் சொக்சோ பணம். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இங்கே வேலை செய்கிறவர் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்குக்குச் சேர்த்துக் கட்டுவார். கூலி ஏறினால் பிடித்தமும் ஏறும், இறங்கினால் இறங்கும். வேலையில் அடிபட்டு முடமாகிப்போனால், எவ்வளவு கூலிக்குக் கட்டியிருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பணம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் சொக்சோ. வயதான பிறகு மொத்தமாக வருவது சேமநிதி. அதுவும் அப்படித்தான், கூலியில் பிடித்துச் சேர்ப்பது. இரண்டுக்கும் ஒன்றே ஒன்று வேண்டும். உங்கள் பெயரில் ஒரு கூலி இருக்க வேண்டும்.

புஷ்பத்துக்கு இருந்தது. எனக்கு இல்லை. ஜிலேபியைத் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் வயிறு எரிந்தது. நாலு பேருக்கு நல்லது நடந்தால் சந்தோஷப்படுகிற மனசு எனக்கு உண்டு. ஓர்ப்படிக்கு நடந்தால் மட்டும் அது எங்கேயோ போய்விடுகிறது.

2

வேலையே செய்யாதவள் புலம்புகிறாள் என்று நினைக்காதீர்கள். இங்கே ரப்பரை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். அந்த மரத்தில் குலை வெட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. நீளக் கழியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து வெட்டுவார். குலை தொப்பென்று விழும். அதோடு அவர் வேலை முடிந்தது. விழுந்த குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி ரோட்டோரம் கொண்டுபோய் அடுக்குவது நான். சிதறிய பழத்தைக் குனிந்து பொறுக்கிக் கோணியில் போடுவது நான். முள் மட்டையை இழுத்து ஒழுங்கு பண்ணுவதும் நான். அடுக்கிய குலையின் காம்பில் வெட்டியவர் நம்பரைப் பென்சிலால் எழுத வேண்டும், அப்போதுதான் எண்ணுகிறவர் யார் கணக்கில் சேர்ப்பது என்று தெரிந்துகொள்வார். அந்த நம்பரையும் நான்தான் எழுதினேன். அவர் நம்பர் நாற்பத்தேழு. இத்தனை வருடத்தில் என் பெயரை நான் எழுதியதைவிட நாற்பத்தேழை எழுதியதுதான் அதிகம்.

எங்கள் தோட்டத்தில் பாதிக் குடும்பம் இப்படித்தான். புருஷன் பெயர் பதிவில் இருக்கும், பெண்டாட்டி "கூட மாட ஒத்தாசைக்கு" வருவாள். இரண்டு பேர் உழைப்பும் ஒரே பெயரில் ஏறும். கூலி அவருக்கு, பிடித்தம் அவருக்கு, சேமநிதி அவருக்கு, சொக்சோவும் அவருக்கு.

நானும் வந்த புதிதில் பெயர் போட்டு வேலை செய்தவள்தான். ரப்பர் மரம் சீவினேன். பிறகு ஒரு காலம் வந்தது. என்னைப் போல் சிவப்புக் கார்டு வைத்திருந்த அயல்நாட்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். எத்தனையோ குடும்பம் மூட்டை கட்டிக் கப்பல் ஏறிவிட்டது. நாங்கள் பயந்துபோய் என் பெயரை எடுத்துவிடச் சொன்னோம். பெயர் இல்லையென்றால் யாரும் கேட்கமாட்டார்கள், வேலையை மட்டும் செய்துகொண்டிருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழி அது. அந்த நேரத்துக்கு நல்ல வழிதான்.

பயம் எல்லாம் போய், நான் மலாய்ப் பாஷையில் கேள்விக்குப் பதில் சொல்லி நீலக் கார்டும் வாங்கி நாலு வருடம் ஆகிறது. இப்போது நானும் இந்த நாட்டுக்காரி. ஆனால் எடுத்த பெயரைத் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, புஷ்பத்தின் விரல் போகிற வரைக்கும்.

3

புஷ்பம் செம்பனைக்கு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஆலையில் சேர்ந்தாள். பால் கட்டியை உருளைக்குள் விட்டுத் தகடாக்கும் மிஷின். போன வருடம் ஒருநாள் கட்டியோடு சேர்த்து இடது கையும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. இரண்டு விரல், பாதிக்குப் பாதி நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் அழுத அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். அது பொய்யில்லை.

காயம் ஆறிய பிறகு கிள்ளானில் இருக்கும் சொக்சோ ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "அக்காவுக்குத்தான் மலாய் தெரியும்" என்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நீலக் கார்டு வாங்கியதிலிருந்து எனக்கு வீட்டில் இப்படி ஒரு பட்டம். நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் ஒப்பித்தது எனக்கல்லவா தெரியும்.

அங்கே ஒரு மலாய்க்கார அதிகாரி, சின்ன வயது, மரியாதையான மனிதர். புஷ்பத்தின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் வாங்கிய கூலியைப் பார்த்தார். ஒருநாள் சராசரி எவ்வளவு என்று போட்டார். அதிலிருந்து இவளுக்கு மாதம் இவ்வளவு என்று சொன்னார். ஓவர்டைம் செய்த மாதங்கள் கூடச் சேர்ந்துகொண்டன. புஷ்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் புரிந்தது. அவள் வியர்வை வீணாகவில்லை, எங்கேயோ அவள் பெயரில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்காதே. "சாயா புன் கெர்ஜா" என்றேன், நானும் வேலை செய்கிறவள்தான் என்று. முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன என் உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "மஜிக்கான் யார்?" என்று கேட்டார். முதலாளி யார் என்று அர்த்தம். எனக்கு அது அப்போது சட்டென்று பிடிபடவில்லை. யார் பெயரில் வேலை என்று கேட்கிறார் என்று நினைத்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன்.

"சுவாமி பூக்கான் மஜிக்கான், காக்கா" என்றார் அவர். புருஷன் முதலாளி ஆகமாட்டார், அக்கா என்று. பக்கத்து மேசைக்காரியும் சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னார். என் பெயரில் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாததால் சந்தா இல்லை, அதனால் அவர்கள் கணக்கில் நான் சூரி ரூமா. வீட்டோடு இருக்கிறவள்.

வீட்டோடு இருக்கிறவளுக்கு உள்ளங்கையில் எப்படி முள் குத்தும் என்று கேட்க எனக்கு மலாய் போதவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். புஷ்பம் அந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணன் ஒங்களுக்கு மொதலாளியாம்லக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விரல் போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை விரலுக்குக்கூட ஒரு மதிப்பு போட்டிருக்கிறார்கள், என் முழுக் கைக்கு ஒன்றுமில்லை. ஒருத்தியின் நசுங்கிய விரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

4

புஷ்பம் ஜிலேபி வாங்கி வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்வி வந்தாள். செரண்டாவில் ஒரு பேக்டரியில் வேலை. கூட்டாளிப் பெண்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். மாதம் ஒருமுறை யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு வருவாள். வந்ததும் சீரியல் எத்தனை மணிக்கு என்பாள், தலைக்கு எண்ணெய் வைக்க விடமாட்டாள், தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவாள். அவளிடம் சொக்சோ ஆபீசில் நடந்ததைச் சொன்னேன்.

"ம்மா, இது சிம்பிள் லா. உங்க நேம்ல சேலரி இல்லன்னா யூ ஆர் நாட் வொர்க்கிங். எனக்கு ஃபர்ஸ்ட் மந்த்லயே சொக்சோ, ஈபிஎஃப் எல்லாம் புடிச்சிட்டாங்க. நான் எவ்ளோ திட்டுனேன் தெரியுமா?"

பத்தொன்பது வயதில் அவளுக்கு இருக்கிறது. அதைத் திட்டவும் செய்கிறாள். பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வந்தது.

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுப்பார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு போதைதான். தோட்டத்திலேயே அதிகக் குலை வெட்டுகிறவர் என்ற பெயர். மேனேஜர் துரை ஒருமுறை எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கை கொடுத்தார். சம்பள நாளில் அவர் தொகையை மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

"எனக்கும் பேரு போடச் சொல்லுங்க. நான் தூக்குறது என் பேருல ஏறட்டும்."

"ஒரே வீட்டுக்குள்ள எதுக்கு ரெண்டு பேரு? ரெண்டு பேருகிட்டயும் புடிப்பான், கைக்கு வர்றது கொறஞ்சுபோவும்."

"புடிக்கிறது எங்கயும் ஓடிப்போவாது. நமக்குத்தான் வரும்."

"இப்ப மட்டும் யாருக்கு வருதாம்? நான் செத்துப்போனா எல்லாம் ஒனக்குத்தானே."

"அப்ப எனக்கு ஒரு காசு வரணும்னா நீங்க சாவணும். அதுக்காக நான் கோயிலுக்குப் போயி வேண்டிக்கணுமா?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். நான் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு முழங்கையில் முள் ஏறிப் பழுத்துப்போய், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அறுத்துக் கட்டுப் போட்டு மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். எனக்கு ஒரு காசு கூலி இல்லை. அந்த மாதம் அவர் தொகை பாதியாக இறங்கிப்போனது. "என்னண்ணே, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று ஆளாளுக்கு அவரைப் போய் விசாரித்தார்கள். அதை ஞாபகப்படுத்தினேன்.

"முள்ளு குத்துனது எனக்கு. விசாரிச்சது ஒங்கள. அது ஏன்னு இப்பவாவது தெரியுதா?"

அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செல்வி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

5

எங்கள் தோட்டத்தில் விடியுமுன்னே ஆபீஸ் முன்னால் பெரட்டு நடக்கும். பெயர் உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்கள், கணக்கு எழுதும் கிராணி கூப்பிட, ஆளாளுக்குக் குரல் கொடுப்பார்கள். ஒத்தாசைக்கு வருகிற பெண்கள் வரிசைக்கு வரமாட்டோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியோடும் கோணியோடும் காத்திருப்போம். யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை, நாங்களாகவே நின்று பழகிவிட்டோம்.

திங்கட்கிழமை நான் வண்டியை அந்தப் பக்கம் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றேன். என் வீட்டுக்காரருக்கு நாலு பேர் பின்னால். கைலியை இழுத்து விட்டுக்கொண்டேன். பெயர் கூப்பிட்டு முடியும் வரை வாயைத் திறக்கவில்லை.

"எல்லாரும் போலாம். யாரு அது, தேவானையா? நீ ஏன்மா இங்க நிக்கிற?" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

"என் பேர இன்னும் கூப்புடலியே."

"ஒன் பேரு இருந்தாத்தானே கூப்புடறதுக்கு?"

"அதத்தான் போடச் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். மண்டோர் என் வீட்டுக்காரரைத் தேடினார். "என்ன கோவிந்தா, ஒன் பொஞ்சாதிக்குத் தனியாப் பேரு வேணுமாம்லா?"

அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். இல்லை, அவள் ஏதோ தெரியாமல் நிற்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் திரும்பி ரோட்டைத் தாண்டிப் போயிருப்பேன், பிறகு ஒருநாளும் வந்திருக்கமாட்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடி, "அவதான் வந்து நிக்கிறாளே. போடுங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார். கோபமாகச் சொன்னாலும் கிராணிக்கு அது போதும். "நாளைக்கு ஒங்க நீல ஐசி எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே கிராணி என் பெயரைப் பதிவில் ஏற்றினார். எனக்கு நம்பர் வந்த அன்று செம்பனைக் காட்டுக்குள் போனதும் என் வீட்டுக்காரர் சொன்னார். "கொலை என்னுது. உதிரி ஒன்னுது. அதான் நீ பொறுக்குறது." உதிரிப் பழத்துக்கு என்ன பெரிய கூலி வந்துவிடும்? சும்மா பெயருக்கு ஒரு பெயர். அதற்குப் பிடித்தம் எவ்வளவு வரும், நாளைக்குக் கை போனால் என்ன கொடுப்பார்கள்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சரி. கொலை ஒங்களுதுன்னா வண்டியும் ஒங்களுது" என்றேன். கோணியை எடுத்துக்கொண்டு பழம் பொறுக்கப் போய்விட்டேன்.

அன்று அவர் வெட்டிய குலைகளில் பாதி மரத்தடியிலேயே கிடந்தது. மறுநாளும் கிடந்தது. வெட்டுவார், கழியைப் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளுவார், திரும்பி வந்து கழியை எடுப்பார். ரோட்டோரத்தில் அவர் நம்பர் போட்ட அடுக்கு குட்டையாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது என்னைப் பார்க்காமலேயே, "வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கிற வரிசையெல்லாம் ஒன் நம்பரு போட்டுக்க" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சரிபாதி இல்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நான் சண்டை போடவில்லை, எழுந்து போய் வண்டியைப் பிடித்தேன்.

6

போன சனிக்கிழமை சம்பளம். பதினான்கு வருடத்துக்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் பிடித்தத்தைப் பார்த்துக் கிராணியைத் திட்டிக்கொண்டு போனார்கள். என் சீட்டிலும் சேமநிதிக்கு இவ்வளவு, சொக்சோவுக்கு இவ்வளவு என்று பிடித்திருந்தது. "என்னக்கா, சிரிக்கிறீங்க?" என்று கிராணி கேட்டார். பிடித்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

என் வீட்டுக்காரர் தொகை மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஒனக்கு இவ்ளோவா?" என்றார். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதில் பழுத்தவள் நான்.

சீட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போனேன். ஒளிப்பானேன், பெருமையடிக்கத்தான் போனேன். இருபது வருடத்தில் புஷ்பத்திடம் காட்ட எனக்கு என்று ஒன்று கிடைத்திருக்கிறது.

அவள் தன் சின்ன மகளுக்குச் சடை பின்ன முயன்றுகொண்டிருந்தாள். இடது கையில் முடி நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. சீட்டை வாங்கிப் படிக்கத் தெரியாமல் என்னிடமே நீட்டி, "எம்புட்டுக்கா புடிச்சிருக்கான்?" என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் முகம் கொஞ்சமாவது வாடும் என்று காத்திருந்தேன்.

"நல்லாப் புடிக்கட்டும்க்கா" என்றாள் புஷ்பம். "நீங்க கெழவியாகி வேலைய விட்டு எறங்குற வரைக்கும் மாசாமாசம் புடிச்சிக்கிட்டே இருக்கட்டும். ஆனா அந்த சொக்சோ ஆபீசு படிய மட்டும் நீங்க ஒங்களுக்காக ஏறவே கூடாது. அந்தக் காசு ஒங்களுக்கு வரவே கூடாதுலா."

சொல்லிவிட்டுத் திரும்பவும் சடையைப் பின்ன ஆரம்பித்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அவள் பணம் வாங்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு மாதமும் என் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு இப்படி ஒரு வார்த்தை வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். வந்திருக்காது. இனி அவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அவளுடைய அந்த மனசைப் பார்த்து எரிகிறது. அதற்கு எந்தக் கிராணியிடம் போய் என் பெயரைப் போடச் சொல்வது என்று தெரியவில்லை.